முதல் வேலை கருவி மாட்டும் சட்டம்: வீட்டில் மரவேலை தொடங்குபவர்கள் கவனத்துக்கு

வீட்டில் சொந்தமாக மரவேலை செய்ய ஆசைப்படுபவர்கள் முதலில் ஒரு ஸ்டூலையோ செருப்பு ஸ்டாண்டையோ செய்யப் பார்க்கிறார்கள். அதற்கு வாங்கிய கருவிகள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் சேர்ந்து கிடக்கும். உளியின் முனை சுத்தியலில் இடிபடும். ரம்பத்தின் பல் இழைப்புளியின் அடிப்பாகத்தைக் கீறும். எதையோ எடுக்கக் கையை விட்டுத் துழாவும்போது விரல் கிழியும். முனை மழுங்கிப்போன உளியைப் பலங்கொண்டு அழுத்தித்தான் தள்ள வேண்டும். அப்படி அழுத்தும்போதுதான் அது வழுக்கி, மரத்தைப் பிடித்திருக்கும் கையில் ஏறுகிறது. கருவியை வைக்கும் இடமும் கையின் பாதுகாப்பும் வேறு வேறு விஷயங்கள் அல்ல. அதனால்தான் முதல் வேலையாகக் கருவி மாட்டும் சட்டத்தைச் செய்யுங்கள் என்கிறோம். அளப்பது, அறுப்பது, ஒட்டுவது, முடுக்குவது எல்லாம் இதில் வந்துவிடும். வெட்டு ஒரு மி.மீ. தவறினாலும் பெரிய நஷ்டமில்லை.

ஆணி அடித்து மாட்டும் பலகையைவிட, பிரெஞ்சு கிளீட் எனப்படும் சாய்வு ரீப்பர் முறை நல்லது. 45° சாய்வாக அறுத்த ஒரு ரீப்பரை (ஒடுக்கமான நீளப் பலகைத் துண்டு) சுவரில் பொருத்துகிறோம். அதே சாய்வுள்ள இன்னொரு துண்டு, கருவித் தாங்கியின் முதுகில் தலைகீழாக இருக்கும். தாங்கியைத் தூக்கி வைத்தால் தன் எடையாலேயே சுவரோடு இறுகிக்கொள்ளும். நாளைக்குப் புதிதாக ஒரு கருவி வாங்கினால் சுவரில் மறுபடி துளை போட வேண்டியதில்லை. தாங்கியை நகர்த்தினால் போதும். நம் ஊருக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. தாங்கிக்கும் சுவருக்கும் நடுவே 18 மி.மீ. காற்றிடம் கிடைக்கிறது, அதனால் ஐப்பசி கார்த்திகை மழையில் சுவர் குளிர்ந்தாலும் இரும்பு அதை ஒட்டி நிற்பதில்லை.

நான்கடி அகலச் சுவருக்கு 18 மி.மீ. ப்ளைவுட்டில் 4 x 4 அடி, அதாவது அரை ஷீட் போதும். எம்ஆர் என்ற முத்திரை ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும் என்பதற்குத்தானே தவிர, தண்ணீருக்கு அல்ல. பால்கனி, மொட்டை மாடி அறை, கடலோர வீடு என்றால் ஐஎஸ் 710 முத்திரையுள்ள மெரைன் ப்ளை வாங்குங்கள். 18 என்று விற்பது பல சமயம் 17 தான் இருக்கும். ஸ்கேல் வைத்துப் பார்த்து, எல்லாத் துண்டையும் ஒரே ஷீட்டிலிருந்தே எடுங்கள்.

ஷீட்டிலிருந்து 150 மி.மீ. அகலத்தில் நான்கடி நீளப் பட்டைகள் இரண்டை நேராக அறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் நடுவில் 45° சாய்வாகப் பிளந்தால், ஏறக்குறைய 75 மி.மீ. அகலத்தில் நான்கு ரீப்பர் கிடைக்கும். மூன்று சுவருக்கு. நான்காவதைத் துண்டுபோட்டால் 300 மி.மீ. உளித் தாங்கி, 250-ல் இழைப்புளித் தட்டு, 200-ல் ரம்பத் தாங்கி, 350-ல் ட்ரில் தாங்கி ஆகிய நான்கின் முதுகுக்கும் ஆகும். மிச்சமுள்ள பலகை தாங்கிகளின் உடலுக்கு.

இந்தச் சாய்வு வெட்டை எதைக் கொண்டு போடுவது என்பதில்தான் ஆபத்தே இருக்கிறது. நான்கு அங்குல மார்பிள் கட்டரிலும் ஆங்கிள் கிரைண்டரிலும் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டி வேலை செய்வது ஊரெங்கும் வழக்கமாகிவிட்டது. மார்பிள் கட்டரைத் தலைகீழாகப் பலகையில் பொருத்தி, சுவிட்சை நாடாவால் கட்டி, ‘மலிவு விலை டேபிள் சா’ என்று செய்து காட்டும் வீடியோக்களும் நிறைய. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். 110 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 13,000 சுற்று ஓடினால் அதன் விளிம்பு வேகம் விநாடிக்கு 75 மீட்டர், அதாவது மணிக்கு 270 கிலோமீட்டர். மரத்துக்கென்றே செய்த ஏழேகால் அங்குல சர்க்குலர் சா 5,500 சுற்றில் ஓடும்போது அது விநாடிக்கு 53 மீட்டர்தான். வேகம் ஒரு பக்கம் இருக்கட்டும். சர்க்குலர் சாவின் கீழ் மூடி, வெட்டு முடிந்த கணத்தில் தானாகவே பிளேடை மூடிக்கொள்ளும். மார்பிள் கட்டரில் அது கிடையாது. கிரைண்டரின் மூடி தேய்ப்பு வட்டுக்கு அமைத்தது. பல் பிளேடு மரத்தில் சிக்கித் துள்ளினால் ஒரு கையால் பிடித்திருப்பவரால் அதை அடக்க முடியாது. கிரைண்டர் சுவிட்ச் ‘லாக்’ ஆகியிருந்தால், கை நழுவிய பிறகும் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

துள்ளல் ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் பயத்துக்குப் பதில் கவனம் வரும். அறுத்த பிளவு பிளேடுக்குப் பின்னால் மூடிக்கொள்ளும்போது, மேலே ஏறிவரும் பின்பற்கள் மரத்தைக் கவ்வுகின்றன. கையில் பிடித்த மிஷின் என்றால் அது உங்கள் பக்கம் எகிறும். மேசையில் பொருத்தியது என்றால் பலகை உங்கள் வயிற்றை நோக்கிப் பறக்கும், அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை பிளேடின் மேல் விழும். நல்ல டேபிள் சாவில் பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு நின்று, பிளவை மூடவிடாமல் தடுக்கும். வீடியோ மேசைகளில் அது இருப்பதில்லை.

வீட்டுக்காரருக்கு நாங்கள் சொல்லும் வழி சுலபமானது. நேர் வெட்டுகளைப் பேனல் சா (முழு ஷீட்டையும் அறுக்கும் பெரிய மிஷின்) வைத்திருக்கும் ப்ளைவுட் கடையிலேயே போட்டு வாங்குங்கள். இரண்டு சாய்வு வெட்டுக்குப் பக்கத்துத் தச்சுப் பட்டறைக்குப் போங்கள். சில நிமிட வேலை. சொந்தமாகச் சர்க்குலர் சா இருந்தால், அடித்தட்டை 45° சாய்த்து, பலகையின் மேல் நேரான கட்டை ஒன்றைக் கிளாம்ப் போட்டு வழிகாட்டியாக வைத்து அறுங்கள். 18 மி.மீ. பலகையில் சாய்வு நீளம் இருபத்தைந்தரை மி.மீ. வரும், பிளேடு பலகைக்குக் கீழே இரண்டு மூன்று மி.மீ. மட்டும் எட்டிப் பார்த்தால் போதும். எந்த பிளேடாக இருந்தாலும் அதில் அச்சிட்டிருக்கும் உச்சச் சுற்று, மிஷினின் சுற்றைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

அறுத்த பிறகு ஒவ்வொரு சாய்வின் கூர் நுனியையும் இழைப்புளியால் 3 மி.மீ. தட்டிவிடுங்கள். விட்டுவிட்டால், நுனி போய்ப் பள்ளத்தின் அடியில் இடித்து நிற்கும், சாய்வோடு சாய்வு உட்காராது, தாங்கி ஆடிக்கொண்டே இருக்கும். கை கிழிவதும் இந்த நுனியில்தான்.

சுவரில் பொருத்தும்போது ரீப்பரின் உயர்ந்த விளிம்பு உங்களைப் பார்த்து இருக்க வேண்டும், சாய்வு சுவரை நோக்கி இறங்க வேண்டும். திருப்பிப் பொருத்திவிட்டு மாட்டவில்லையே என்று திகைப்பவர்கள் உண்டு. முதல் ரீப்பரை ரசமட்டம் வைத்துப் பொருத்துங்கள். அடுத்ததற்கு மறுபடி அளக்காமல், 200 மி.மீ. கட்டை ஒன்றை அளவாக வைத்துக்கொண்டால் மூன்றும் ஒரே இடைவெளியில் வரும். எந்தத் தாங்கியும் எங்கேயும் பொருந்தும்.

துளை போடும் முன் சுவரைப் படியுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் வயர் குழாய் போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மறுபுறம் குளியலறை என்றால் தண்ணீர்க் குழாய். மழை நேராக அடிக்கும் வெளிச்சுவர் வேண்டாம்.

சட்டம் விழுந்துவிட்டது என்று அழைப்பவர்களின் வீட்டில் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஸ்க்ரூவைப் பிடிக்கச் சுவர்த் துளையில் செருகும் பிளாஸ்டிக் பிளக் சிமென்ட் பூச்சிலேயே நின்றிருக்கும், செங்கல்லைத் தொட்டிருக்காது. பூச்சு 12 முதல் 15 மி.மீ. வரை இருக்கும். அது எடை தாங்காது. கணக்கு இப்படி: ரீப்பர் 18, பூச்சு 15, செங்கல்லுக்குள் குறைந்தது 40, ஆக 75 மி.மீ. ஸ்க்ரூ. 8 மி.மீ. பிட்டால் சுவரில் 65 மி.மீ. ஆழத்துக்குத் துளையிட்டு, தூசியை ஊதி எடுத்துவிட்டு, பிளக்கைப் பூச்சைத் தாண்டி உள்ளே இறக்குங்கள். துளையில் சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் தூளே வந்துகொண்டிருந்து பிட் சுலபமாக இறங்கினால் இரண்டு செங்கல்லுக்கு நடுவிலுள்ள கலவை, 30 மி.மீ. தள்ளிப் போடுங்கள். இரண்டு ஓரத்திலிருந்தும் 50 மி.மீ. உள்ளே தள்ளி, ஒரு ரீப்பருக்கு ஐந்து ஸ்க்ரூ, மொத்தம் பதினைந்து. புது அடுக்ககங்களில் சுவர் ஏஏசி எனப்படும் எடை குறைந்த, காற்றறைகள் கொண்ட கல்லாக இருக்கலாம். வெள்ளைச் சாம்பல் நிறத்தில் மாவாகக் கொட்டும். அதில் ட்ரில்லை இடித்துத் துளைக்கும் ஹாமர் நிலையில் போடவே கூடாது, துளை அகன்றுவிடும். அதற்கென்று விற்கும் பிளக் தனி.

தாங்கி செய்யும்போது ஒரு விகிதத்தை மறக்காதீர்கள். சுவரிலிருந்து எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதைவிட உயரம் கூடுதலாக இருக்கட்டும். 10 கிலோ எடை சுவரிலிருந்து 200 மி.மீ. தள்ளி இருந்து, தாங்கியின் உயரம் 100 மி.மீ. மட்டும் என்றால், மேல் ரீப்பரை வெளியே இழுக்கும் விசை 20 கிலோ அளவுக்கு வரும். உயரத்தை 250 ஆக்கினால் அதுவே 8 கிலோ. தாங்கியின் அடியில் அதே பலகைத் துண்டு ஒன்றை முட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் கீழ்ப்பக்கம் சுவரை நோக்கிச் சாயும். முதுகு ரீப்பரை ஃபெவிகால் தடவி, 30 மி.மீ. ஸ்க்ரூவால் முடுக்குங்கள். 18 + 18 என்றால் 36 தானே, 40 மி.மீ. போட்டால் நுனி மறுபுறம் எட்டிப் பார்க்கும். பலகையின் விளிம்புக்குள் ஸ்க்ரூ போகும் இடமெல்லாம் முதலில் 3 மி.மீ. துளை போடாவிட்டால் அடுக்குகள் பிளக்கும். ஒரு இரவு காயவிட்டு, அப்புறம்தான் எடை.

உளித் தாங்கியை முன்பக்கம் திறந்த பள்ளங்களாக வெட்டுவது பார்க்க அழகு. எடுக்கவும் எளிது. ஆனால் தோள் உரசினால் உளி வெளியே சரிந்து காலில் விழும். துளையாகப் போடுங்கள், அல்லது பள்ளத்தின் முன்னே ஒரு பட்டை அடியுங்கள். அதற்குக் கீழே 6 மி.மீ. ப்ளையால் முன்மறைப்புக் கொடுத்து, மிக நீளமான உளியின் இரும்பைவிட 20 மி.மீ. கீழே இறங்கும்படி வையுங்கள். அடியை மூட வேண்டாம். மூடினால் மரத்தூள் அங்கே தேங்கி ஈரத்தை இழுத்து, முனையில்தான் முதலில் துருப் பிடிக்கும். இழைப்புளித் தட்டில் முன்பக்கம் 6 மி.மீ. பட்டை ஒன்றை ஒட்டினால் அதன் உளி பலகையைத் தொடாது. ரம்பப் பல்லுக்கு வயரிங் குழாயை நீளவாக்கில் கீறி மாட்டிவிட்டால் உறையாகிவிடும்.

கடலோரத்தில் இருப்பவர்கள் வேலை முடிந்ததும் இரும்பைத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெயை ஒரு துளி துணியில் தொட்டுப் பூசுங்கள். கை வியர்வைக்கே ஓரிரு நாளில் துரு வரும். நல்லெண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துத் தூளைப் பிடிக்கும். கருவியைத் தோல் உறையிலும் அட்டைப் பெட்டியிலும் மாதக்கணக்கில் வைப்பதும் துருவுக்கு வழி.

குழந்தைகள் உள்ள வீட்டில் கூரான எதுவும் தரையிலிருந்து ஐந்தடிக்குக் கீழே வேண்டாம். ஆனால் கிரைண்டர், சர்க்குலர் சா போன்ற கனமானவை தலைக்கு மேலும் கூடாது. அவற்றைக் கீழே பூட்டுள்ள பெட்டியில், பிளேடைக் கழற்றியோ பேட்டரியை எடுத்தோ வையுங்கள். கழற்றிய பேட்டரியை ஆணி, ஸ்க்ரூ கிடக்கும் டப்பாவில் போடாதீர்கள். இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு ஆணி விழுந்தால் போதும், ஷார்ட் ஆகிச் சூடேறும்.

தின்னரும் டர்பன்டைனும் குளிர்பான பாட்டிலில் இருக்கவே கூடாது. இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. நிறமற்ற திரவம், தெரிந்த பாட்டில், தாகத்தோடு வரும் குழந்தை, அவ்வளவுதான் தேவை. வாங்கிய டின்னிலேயே வைத்து, பூட்டுங்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், திரும்பி வரும்போது அது நுரையீரலுக்குள் போகும். உடனே 108. லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால், உலரும்போது தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்துங்கள்.

இலவசமாகக் கிடைக்கும் பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) மரத்தில் தாங்கி செய்வதானால் கோதுமைக் கதிர்ச் சின்னத்துக்குப் பக்கத்தில் உள்ள எழுத்தைப் பாருங்கள். எச்டி என்றால் சூட்டில் பதப்படுத்தியது. எம்பி என்றால் மீத்தைல் புரோமைடு புகையூட்டியது, வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். எச்டி மரமானாலும் உள்ளே ஒடிந்த ஆணி இருக்கும். காந்தத்தை ஓட்டிப் பார்த்த பிறகே ரம்பம் வையுங்கள்.

மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. துணிக்கட்டு போதாது, என்95 மாஸ்க் போடுங்கள். மரநாரை ஒட்டி அழுத்திச் செய்த எம்டிஎப் பலகையை அறுப்பவர்கள் கட்டாயம்.

எல்லாம் மாட்டிய முதல் நாளே கருவிகளை ஏற்றாதீர்கள். ஒவ்வொரு தாங்கியிலும் அது சுமக்கப்போகும் எடையைப் போல் இரண்டு மடங்கு அரிசி மூட்டையையோ தண்ணீர்க் கேனையோ ஒரு இரவு தொங்கவிட்டு, காலையில் ரீப்பருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தாள் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் அந்த ஸ்க்ரூவைக் கழற்றி, வேறு இடத்தில் துளை போடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, மழை தொடங்கும் முன் புரட்டாசியில் ஸ்க்ரூக்களை முடுக்கி, ரீப்பரின் பின்னால் டார்ச் அடித்துக் கறையான் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.