ஐபீஸ் வாங்கும் முன் உங்கள் கண்ணைப் பாருங்கள்

ஈரோட்டில் கண் பரிசோதனை செய்து கண்ணாடி போட்டுக் கொடுப்பது என் தொழில். வானம் பார்க்கும் பழக்கமும் உண்டு. அது தெரிந்தவர்கள் பவர் பார்க்க வரும்போது டெலஸ்கோப்பையும் கூடவே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விதான். "ஏனுங்க, டப்பாவுல 525 மடங்குன்னு போட்டிருக்குதுங்க. பையன் ஆசைப்பட்டான்னு வாங்கினேன். நிலாவே கலங்கலாத் தெரியுதுங்களே, நல்ல ஐபீஸ் வேற வாங்கிப் போட்டாச் சரியாகிடுமுங்களா?"

ஐபீஸ் என்பது டெலஸ்கோப்பில் கண் வைத்துப் பார்க்கும் முனையில் செருகும் சிறு வில்லைக் குழல். அதை மாற்றினால் ஓரளவு சரியாகும். ஆனால் எதை வாங்குவது என்பதை அந்த 525 சொல்லாது.

டெலஸ்கோப்பின் குவிய நீளத்தை, அதாவது அது ஒளியைக் குவிக்கும் தூரத்தை, ஐபீஸின் குவிய நீளத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் உருப்பெருக்கம். 700 மி.மீ. குழாயில் 4 மி.மீ. ஐபீஸ் போட்டால் 175 மடங்கு. நடுவில் மூன்று மடங்கு பார்லோ வில்லையைச் செருகினால் 525. கணக்கு சரிதான். ஆனால் முன்பக்க வில்லையின் விட்டத்தில் ஒவ்வொரு மி.மீ.க்கும் இரண்டு மடங்கு என்பதே தாங்கும் எல்லை. 60 மி.மீ. டெலஸ்கோப் 120 மடங்கு வரை தாங்கும். அதற்கு மேல் போனால் படம் பெரிதாகும், மங்கும், புதிதாக எதுவும் தெரியாது.

அந்த 4 மி.மீ. ஐபீஸைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கண் வைக்கும் பக்கத்தில் கண்ணாடி மிளகு அளவுகூட இருக்காது. இமைமுடி அதில் உரசும் அளவுக்கு ஒட்டினால்தான் படம் தெரியும். பிள்ளைகள் இரண்டு நிமிடம் முயன்றுவிட்டு "ஒண்ணுமே தெரியலப்பா" என்று போய்விடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. இந்த இடத்தில்தான் என் தொழில் வருகிறது.

ஐபீஸிலிருந்து வெளியே வரும் ஒளி ஒரு சிறு வட்டமாகக் குவிகிறது. அந்த வட்டம் விழும் இடத்தில் உங்கள் கண்மணி இருக்க வேண்டும். இதைப் பகலிலேயே பார்க்கலாம். சூரியன் இல்லாத திசையில் வெளிச்சமான வானத்தை நோக்கி டெலஸ்கோப்பைத் திருப்பி, ஐபீஸுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். தாளை முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓரிடத்தில் பளிச்சென்று ஒரு புள்ளி கூர்மையாக விழும். ஐபீஸின் கடைசிக் கண்ணாடியிலிருந்து தாள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். கண்ணை வைக்க வேண்டிய தூரம் அதுதான். அந்தப் புள்ளியின் அகலமும் முக்கியம். முன் வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தாலும் அதே அளவு கிடைக்கும்.

இருட்டில் இளைஞர்களின் கண்மணி 7 மி.மீ. வரை விரியும். அறுபது வயதில் பலருக்கு 5 மி.மீ. தாண்டாது. 130 மி.மீ. விட்டமும் 650 மி.மீ. குவிய நீளமும் உள்ள டெலஸ்கோப்பில் 32 மி.மீ. ஐபீஸ் போட்டால் சுமார் 20 மடங்கு, ஒளிவட்டம் 6.4 மி.மீ. பேரனுக்கு அது முழுதாகப் பயன்படும். தாத்தாவுக்கு ஓரத்து ஒளி கண்ணுக்குள் போகாமலே வீணாகும். அவருக்கு 25 மி.மீ. போதும்.

கண்ணாடி போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வெறும் கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு டெலஸ்கோப்பின் போகஸைத் திருப்பினால் சரியாகிவிடும். சிலிண்டர் பவர், அதாவது திசைக்குத் திசை பவர் மாறும் குறை, இருந்தால் அது நடக்காது. உங்கள் சீட்டில் சிலிண்டர் என்ற இடத்தில் 1.00க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், குறைந்த உருப்பெருக்கத்தில் நட்சத்திரம் புள்ளியாகத் தெரியாமல் கோடாக இழுத்துக்கொண்டு தெரியலாம். ஐபீஸைத் திட்டுவதற்கு முன் தலையைச் சாய்த்துப் பாருங்கள். கோடு தலையோடு சேர்ந்து சுழன்றால் குறை கண்ணில். தலை ஆடாமல் ஐபீஸைச் சுழற்றும்போது கோடும் சுழன்றால் குறை ஐபீஸில். இரண்டுக்கும் அசையாவிட்டால் டெலஸ்கோப்பைச் சரிபார்க்க வேண்டும்.

அப்புறம் தூரக் கணக்கு. மூக்குக்கண்ணாடி கண்ணிலிருந்து 12 மி.மீ. அளவுக்குத் தள்ளித்தான் உட்காரும். ப்ளோஸல் வகை ஐபீஸில் கண் வைக்கும் தூரம் குவிய நீளத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. 10 மி.மீ. ப்ளோஸலில் 7 மி.மீ.தான் வரும். கண்ணாடியோடு அதில் படம் முழுதாகத் தெரியாது. எனவே கண்ணாடிக்காரர்கள் இந்தத் தூரம் 15 மி.மீ.க்குக் குறையாத ஐபீஸையே வாங்க வேண்டும், 18, 20 இருந்தால் சௌகரியம். விற்கும் இடத்தில் இந்த எண்ணைக் கேளுங்கள். சொல்ல முடியாவிட்டால் வேறிடம் பாருங்கள். ஓர் ஆறுதல், உருப்பெருக்கம் கூடி ஒளிவட்டம் 1 மி.மீ. அளவுக்குச் சுருங்கும்போது சிலிண்டர் குறை அவ்வளவாகத் தெரியாது, கண்ணாடி இல்லாமலே பார்த்துக்கொள்ளலாம்.

சரி, எதை வாங்குவது? கூட வந்த 25 மி.மீ. ஐபீஸ் ஓரளவு தெளிவாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். 'எச்' அல்லது 'எஸ்ஆர்' என்று பொறித்தவை ஹைகன்ஸ், ராம்ஸ்டன் காலத்துப் பழைய வடிவங்கள். அவற்றை மாற்றத்தான் வேண்டும். முதலில் ஒரு 32 அல்லது 25 மி.மீ. ப்ளோஸல். வியன்னாவில் 1860ல் உருவான வடிவம், இன்றும் விலைக்கேற்ற தரம். மேலே சொன்ன 650 மி.மீ. குழாயில் 32 போட்டால் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் முழுதாக ஒரே பார்வையில் அடங்கும். அடுத்து கிரகங்களுக்கு ஒன்று. அதே குழாய்க்கு 6 மி.மீ. என்றால் 108 மடங்கு, சனியின் வளையத்துக்கு அது தாராளம். இதை மட்டும் ப்ளோஸலில் வாங்காதீர்கள். உடலில் பொன்னிறக் கோடு போட்டு 66 டிகிரி பார்வைப் பரப்பு என்று விற்கும் வரிசையில் 6, 9 மி.மீ. இரண்டும் கண்ணுக்கு இதமானவை. நடுத்தர ஐபீஸை ஆறு மாதம் கழித்து யோசிக்கலாம். பெட்டி நிறைய ஐபீஸும் வண்ண வில்லைகளும் அடுக்கி விற்பதை வாங்கவே வேண்டாம். பார்லோ இருந்தால் ஏற்கெனவே உள்ள அளவில் பாதியை மறுபடி வாங்காதீர்கள். 25ம் இரண்டு மடங்கு பார்லோவும் சேர்ந்தாலே 12.5 ஆகிவிடுகிறது.

காசு கட்டும் முன் குழாய்வாயை அளந்துவிடுங்கள். இன்று புழங்குவது 31.7 மி.மீ., அதாவது ஒன்றேகால் அங்குலம். பழைய, மலிவான சிலவற்றில் 24.5 மி.மீ. வாய் இருக்கும், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. கோவைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது பெரிய சிக்கல் இல்லை. தெரிந்த லேத் பட்டறையில் அளவு கொடுத்தால் அலுமினியத்தில் ஓர் இணைப்பு வளையம் கடைந்து கொடுத்துவிடுவார்கள்.

புது ஐபீஸை ஆடி மாதத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் உடுமலை, பல்லடம் காற்றாலைகள் சுழலும் நாட்களில் 100 மடங்கில் எந்த ஸ்டாண்டும் நடுங்கும். மாசி, பங்குனியில் காற்று அடங்கியிருக்கும். ஆனாலும் மொட்டை மாடி காங்கிரீட் பகலெல்லாம் வாங்கிய சூட்டை நள்ளிரவு வரை கக்கும், கிரகம் நீருக்கடியில் இருப்பதுபோல நெளியும். தோட்டத்துச் சாளையில் மண்தரையில் வைத்துப் பாருங்கள், அதே ஐபீஸ் வேறு மாதிரி இருக்கும். வைகாசி இரவில் தெற்கே தென்னைகளுக்கு மேல் ஒமேகா சென்டாரி என்ற உருண்டையான நட்சத்திரக் கொத்து ஏறி வரும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இருப்பவர்களுக்கு அது கிடைக்காது. நாம் வட அட்சரேகை 11 டிகிரியில் இருப்பதால் கிடைத்த வரம்.

பொள்ளாச்சி, வால்பாறைக்காரர்கள் ஐபீஸை ஈரத்தோடு மூடி வைக்கக் கூடாது, பூஞ்சை பிடிக்கும். துண்டிலோ வேட்டி நுனியிலோ துடைக்காதீர்கள், பூச்சு கீறிவிடும்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். 2019 டிசம்பர் 26 கங்கண சூரிய கிரகணம் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வழியாகப் போனது. அப்படிச் சூரியனைப் பார்க்க என்று மலிவான செட்டுகளில், ஐபீஸின் அடியில் திருகும் கறுப்பு வில்லை ஒன்று 'சன்' என்று எழுதி வரும். முன் வில்லை சேர்த்துக் குவிக்கும் வெப்பம் முழுவதும் அந்தச் சிறு கண்ணாடியில்தான் விழுகிறது. அது விரிசல் விட்டால் கண்ணை எடுக்க நேரம் இருக்காது. விழித்திரைக்கு வலி தெரியாது, வெந்த இடத்தில் பார்வை திரும்பும் என்று எந்த மருத்துவரும் உறுதி சொல்ல முடியாது. உங்கள் பெட்டியில் அது இருந்தால் இன்றே எடுத்து உடைத்துப் போடுங்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். சூரியனைப் பார்க்க, குழாயின் முன்வாய் முழுவதையும் மூடும் சான்றளிக்கப்பட்ட வடிகட்டி மட்டுமே வேண்டும். மேலே இருக்கும் குட்டி பைண்டரையும் (குறி பார்க்கும் சிறு குழாயையும்) மூடுங்கள் அல்லது கழற்றி வையுங்கள், பிள்ளைகள் முதலில் கண் வைப்பது அதில்தான்.