வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள்

வங்கிக் கடனுக்காக வீடுகளை மதிப்பீடு செய்வது என் தொழில். பெருங்களத்தூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் என்று வாரத்தில் பாதி நாள் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம்தான். பட்டா, அப்ரூவல், சதுர அடி எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்பவர்கள்கூட, தினமும் வேலைக்குப் போய் வருவது பற்றி மட்டும் புரோக்கர் சொல்வதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். "ஸ்டேஷனிலிருந்து அஞ்சு நிமிஷம் சார்." ஞாயிறு காலையில் அவர் காரில் போனால் அஞ்சு நிமிஷம்தான்.

சென்னையைப் பொறுத்தவரை தூரத்தைவிட முக்கியம் திசை. செங்கல்பட்டிலிருந்து வந்தாலும் திருவள்ளூரிலிருந்து வந்தாலும் மின்சார ரயில் பீச், சென்ட்ரல் பக்கம்தான் போகிறது. வேலையோ பலருக்குப் பழைய மாமல்லபுரம் சாலையில். விலை குறைவு என்று திருவள்ளூர் ரயில் பாதையிலுள்ள திருநின்றவூரில் வீடு வாங்கிய ஒரு தம்பதியைத் தெரியும். கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, அவருக்கு அது அருமையான இடம். மனைவிக்கோ பழைய மாமல்லபுரம் சாலையிலுள்ள சோழிங்கநல்லூரில். ரயிலில் சென்ட்ரல், சாலையைக் கடந்து பார்க் டவுன், பறக்கும் ரயிலில் திருவான்மியூர், அங்கிருந்து பஸ். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததும் போச்சு. சாயங்காலம் மறுபடி இதே பாடு. கொஞ்ச நாளில் அந்த மனைவி வேலையை விட்டுவிட்டார்.

இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. கடன் வாங்கும்போது இருவர் சம்பளத்தையும் காட்டுகிறோம். இடத்தை மட்டும் ஒருவர் வேலைக்காகப் பார்க்கிறோம். அலைச்சல் தாங்காமல் ஒருவர் நின்றுவிட்டால் இ.எம்.ஐ. குறையாது.

தாம்பரம் வரை ரயில் அடிக்கடி இருக்கும். அதற்கப்புறம் செங்கல்பட்டு வரை போகிற வண்டிகள் குறைவு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. அதனால் நீங்கள் ஆபீஸிலிருந்து கிளம்பும் நேரத்துக்கு உங்கள் ஸ்டேஷன் வரை போகிற வண்டி எது, அதை விட்டால் அடுத்தது எப்போது என்று அட்டவணையில் பாருங்கள். இறங்கிய பிறகு வீடு வரை நடந்தும் பாருங்கள், இரவு ஒன்பது மணிக்கு. பல மனைப்பிரிவுகளில் ஷேர் ஆட்டோ மெயின் ரோட்டோடு நின்றுவிடும். உள்ளே தெருவிளக்கு இருக்கிறதா, நாய்த்தொல்லை உண்டா, மழைக்காலத்தில் சுரங்கப்பாதையில் எவ்வளவு தண்ணீர் நிற்கும்? முனையிலிருக்கும் மளிகைக் கடைக்காரரைக் கேட்டால் சொல்லிவிடுவார். 2015 வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் என்ன ஆனது என்பதை அங்கிருந்தவர்கள் மறக்கவில்லை.

விலைக் கணக்குக்கு வருவோம். உள்ளே தள்ளிப் போனால் ஐந்து லட்சம் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடன் என்றால் அந்த ஐந்து லட்சத்துக்கு மாதம் சுமார் 4,340 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். இருவருக்கும் சேர்த்து ஆட்டோ, பெட்ரோல், ஸ்டேஷன் பார்க்கிங் என்று நாளுக்கு 170 ரூபாய் கூடுதலாகப் போனால், 25 வேலை நாளில் 4,250. மிச்சம் 90 ரூபாய். இதில் நேரம் கணக்கிலேயே வரவில்லை.

"மெட்ரோ வரப் போகுது" என்பதற்காக விலையை ஏற்றிக் கொடுக்காதீர்கள். மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சிறுசேரி தடம் இருப்பது உண்மை. ஆனால் இன்று ஓடுகிற வண்டியில்தான் நாளைக்கு வேலைக்குப் போக முடியும்.

டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு ஒரு திங்கட்கிழமை லீவு போடுங்கள். வாங்கப் போகும் வீட்டு வாசலிலிருந்து ஆளுக்கொரு பக்கமாகத் தனித்தனியே ஆபீஸ் வரை போய், வழக்கமாக வேலை முடியும் நேரத்துக்குத் திரும்பி வாருங்கள். புரோக்கர் "இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க" என்று அவசரப்படுத்துவார். படுத்தட்டும். அப்படியும் முடிவுக்கு வர முடியவில்லையென்றால், அதே ஏரியாவில் பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் போட்டு, ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்த்துவிட்டு அப்புறம் வாங்குங்கள்.