ஏ-40 மண்ணெண்ணெயில் ஓடியது எப்படி?

கார்க் கழக நண்பர்களோடு யாழ்ப்பாணத்தில் பழைய கார்க் காட்சி ஒன்றுக்குப் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஒஸ்ரின் ஏ-40 ஒன்றுக்குப் பக்கத்தில் நின்ற ஐயா, 'இது சண்டைக் காலத்தில மண்ணெண்ணெயில ஓடின கார் தம்பி' என்றார். பெற்றோல் எஞ்சின் எப்படி மண்ணெண்ணெயில் ஓடும்? சும்மா கதைதானே?"

கதையில்லை. 1990களில் பொருளாதாரத் தடையால் குடாநாட்டில் பெற்றோல் கிடைக்காமல்போன காலத்தில் ஏ-40, மொறிஸ் மைனர், மோட்டார் சைக்கிள் எல்லாம் அப்படித்தான் ஓடின.

உறிஞ்சல், அமுக்கல், எரிதல், வெளியேற்றல் என்ற நான்கு வீச்சும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், அதை விடுவோம். எரிவது திரவமல்ல, அதன் ஆவி. பெற்றோல், பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் தீப்பொறியில் பற்றுமளவுக்கு ஆவி விடும். மண்ணெண்ணெய்க்கோ பூச்சியத்துக்கு மேலே ஏறக்குறைய 40 பாகை வேண்டும். யாழ்ப்பாணத்து வெயில் அதற்குக் கொஞ்சம் காணாது. தடைக்காலத்து ஜாம் போத்தல் விளக்கில், சுடரே தன் சூட்டால் திரியில் ஏறும் எண்ணெயை ஆவியாக்கிக்கொள்ளும். காருக்குத் திரி ஏது? ஆறிக்கிடக்கும் எஞ்சினில், எரிபொருளைக் காற்றோடு கலந்து அனுப்பும் காபரேற்றர் தூவும் மண்ணெண்ணெய் குழாய்ச் சுவரில் படிந்து, தீப்பொறி தரும் பிளக்கை நனைத்துவிட்டுக் கிடக்கும்.

அதனால்தான் அன்று கார் ஓட்டியவர்கள் கையில் ஒரு சின்னப் பெற்றோல் போத்தல் வைத்திருந்தார்கள். காபரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு ஸ்ராட் பண்ணி, அக்சிலேற்றரை விடாமல் மிதித்து எஞ்சினைச் சூடாக்குவார்கள். இனித்தான் எனக்குப் பிடித்த இடம். பொனற்றைத் திறந்து பாருங்கள்: இந்த வகைப் பிரித்தானிய எஞ்சின்கள் பலவற்றில், எரிபொருட்கலவை உள்ளே போகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில், இரும்போடு இரும்பு ஒட்டியபடி இருக்கும். சில நூறு பாகைச் சூட்டில் வெளியேறும் புகை, உள்ளே வரும் கலவையின் அடிவயிற்றைச் சுட்டுக்கொண்டே போகும். இங்கிலாந்தின் குளிர்காலத்தில் பெற்றோல் ஒழுங்காக ஆவியாகட்டும் என்று செய்த ஏற்பாடு இது. நம்மூரில் அதே சூடு மண்ணெண்ணெயை ஆவியாக்கியது. எஞ்சின் ஒருமுறை சூடேறினால் தன் கழிவு வெப்பத்திலேயே தன் எரிபொருளைப் பக்குவப்படுத்திக்கொண்டு ஓடும்; ஆறவிட்டால் மறுபடி போத்தல்தான்.

இன்னொன்றும் கைகொடுத்தது. மண்ணெண்ணெயை இறுக்கமாக அமுக்கினால் நேரத்துக்கு முன்பே தானாக வெடித்து எஞ்சினைத் தட்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் கிடைத்த மட்டமான பெற்றோலுக்காக ஏ-40இன் அமுக்க விகிதத்தை, அதாவது கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதை, ஏறக்குறைய 7:1 என்றே வைத்திருந்தார்கள். பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாறும் பெர்குசன் உழவு இயந்திரங்கள் அப்போதே தொழிற்சாலையிலிருந்து வந்தன என்பதால் தத்துவம் புதிதல்ல.

இலவசமாக ஒன்றும் கிடைக்கவில்லை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், தேய்மானம் கூடும். புகையும் நாற்றமும் தெருவுக்கு.

கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது. ஒரு ஏ-40ஐச் சோதனை மேடையில் ஏற்றி, புகையையும் வலுவையும் அளந்து, அன்றைய கராஜ்காரர்களின் கைப்பக்குவத்தையும் எழுதிவைக்கக் கொஞ்சம் பணம் ஒதுக்கலாம். அந்த மெக்கானிக்குகளுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது.

உங்கள் இன்றைய காரில் இதை முயல வேண்டாம். அமுக்க விகிதம் பெரும்பாலும் 10:1 அளவிலோ அதற்கு மேலோ இருக்கும், காபரேற்றரே இல்லை, காற்று வரும் குழாய் பெரும்பாலும் பிளாஸ்ரிக், அதுவும் புகைக்குழாய்க்கு எதிர்ப்பக்கத்தில்.