தோந்த்யூ: மொட்டை 'போட்டுக்கொண்டவளா'?

போன வாரம் புதுச்சேரியில் ஒரு கூட்டம். 1944 ஆகஸ்டில், ஜெர்மன் பிடியிலிருந்து பிரான்ஸ் விடுபட்ட நேரத்தில், அங்கே ஷார்த்ர் நகரில் போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காப்பா எடுத்த படத்தைத் திரையில் காட்டினார்கள். மழித்த தலையும் கைக்குழந்தையுமாக ஒரு பெண் நடக்கிறாள், சுற்றிலும் ஊரே சிரிக்கிறது. ஜெர்மானியருக்கு உடந்தை என்று சொல்லிக் கூட்டம் பிடித்து மழித்த தலை அது. பேசியவர், "ஜெர்மன் சிப்பாய்களோடு பழகி மொட்டை போட்டுக்கொண்ட பெண்கள்" என்றார். இதை நான் கேட்பது நாலாவது தடவை. போட்டுக்கொள்ள அவள் என்ன மயிலம் முருகனுக்கு நேர்ந்துகொண்டாளா?

பிரெஞ்சில் இவளுக்குப் பெயர் தோந்த்யூ. தோந்த்ர் என்றால் ஒட்டக் கத்தரிப்பது; ஆட்டு ரோமத்துக்கும் புல்தரைக்கும் அதே வினைதான். லத்தீன் வேர். தோந்த்யூ செயப்பாட்டுப் பொருள் தரும் பெண்பால் சொல். அவளுக்கு என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறது. நம்மவர் ஒரு 'கொள்' சேர்த்து, கத்தரியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

இன்னொரு கட்சி 'சிப்பாய்க் காதலிகள்' என்று எழுதுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தப்பு. பிரான்சில் அப்போது மழிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 20,000 பேர். அதில் பாதிக்கும் குறைவானவர்கள்மேல்தான் உறவுக் குற்றச்சாட்டு. மற்றவர்கள் ஜெர்மானியரிடம் வேலை பார்த்தார்கள், வியாபாரம் செய்தார்கள், ஆட்களைக் காட்டிக்கொடுத்தார்கள் என்று பிடிக்கப்பட்டவர்கள். சரி, உறவு இருந்தது என்றே வைப்போம். ரொட்டிக்காகவா, பயந்தா, மனசாரவா? 'காதலி' என்றால் அந்தக் கேள்வியே அடைபட்டுப் போகிறது. 'துரோகி' அதைவிட மோசம், அது கத்தரி பிடித்த கூட்டத்தின் தீர்ப்பு. 'மொட்டைச்சி'யோ கைம்பெண்களை ஏசிய சொல். ஒரு அவமானத்துக்கு இன்னொன்றைக் கடன் வாங்க வேண்டாம். புதுச்சேரி சொல்தா வீடுகள், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் குடும்பங்கள், உள்ள ஊர்; பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. யாரையாவது கேட்டிருக்கலாம். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறப்பதையே கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள்.

தமிழுக்கு இது புதுச் சங்கதியும் இல்லை. பகைவர் மகளிரின் கூந்தலைக் களைந்து சங்ககாலக் குறுநில மன்னன் நன்னன் கயிறு திரித்ததை நற்றிணை கொடுமை என்றே சொல்கிறது.

நான் 'மழிப்புண்டவள்' என்று எழுதுகிறேன். கொலையுண்டவன், கட்டுண்டவள் போல. "நடுவில் 'புண்' தெரிகிறதே" என்றார் நண்பர். தெரியட்டுமே.