சைக்கிள் சீட் கிழிவதற்கு முன்பே தேய்ந்துவிடும்

கவர் கிழிந்த சீட்டை எல்லோரும் மாற்றுகிறார்கள். உள்ளே அமுங்கிப்போன சீட்டை யாரும் மாற்றுவதில்லை. இடுப்பு வலி, முழங்கால் வலி, தொடை இடுக்கில் மரத்துப்போதல் என்று ஒவ்வொன்றாக வரும். ஹேண்டில்பாரை ஏற்றிப் பார்ப்பார்கள், பஞ்சு வைத்த ஷார்ட்ஸை மாற்றிப் பார்ப்பார்கள். மேலே பளபளவென்று இருக்கும் சீட்டின் மேல் சந்தேகமே வராது.

சீட் என்பது ஒரே பொருள் இல்லை. மேலே கவர், அதற்குக் கீழே ஃபோம், ஃபோமைத் தாங்கும் நைலான் அல்லது கார்பன் ஷெல், அடியில் இரண்டு ரெயில் கம்பிகள். நான்குக்கும் நான்கு ஆயுள். பெரும்பாலும் முதலில் போவது ஃபோம்தான். ஃபோமுக்குள் இருக்கும் நுண்ணிய காற்றறைகள் ஒவ்வொரு முறை அமுங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர் உடைந்து, ஒரு கட்டத்தில் திரும்ப எழும்புவதை நிறுத்திவிடும். உட்காரும் எலும்புகள் இரண்டும் அழுத்துகிற இடத்தில் மட்டும் இது நடப்பதால் அங்கே பள்ளம் விழும், நடுப்பகுதி மேடாகவே நிற்கும். அந்த மேடுதான் நரம்பும் ரத்தக் குழாயும் ஓடும் மென்மையான பகுதியை அழுத்துகிறது. மரத்துப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு விளைவும் உண்டு. ஃபோம் 5 மி.மீ. அமுங்கினால், சீட்டை 5 மி.மீ. இறக்கி வைத்து ஓட்டுவதும் அதுவும் ஒன்றுதான். முழங்கால் வழக்கத்தைவிட அதிகமாக மடங்கும். மாதக்கணக்கில் மெதுவாக இறங்குவதால் ஓட்டுபவருக்குத் தெரியாது.

தினமும் ஓட்டினால் ஓரளவு தரமான ஃபோம் சீட் தோராயமாக 3 முதல் 5 ஆண்டு வரும். உடல் எடை, சாலையின் தரம், வெயிலில் நிற்கும் நேரம் ஆகியவற்றைப் பொறுத்து இது பாதியாகவும் குறையலாம், இரட்டிப்பாகவும் ஆகலாம். கடையில் விரலால் அழுத்திப் பார்த்து 'மெத்தென்று' இருப்பதை வாங்குவது வழக்கம். அப்படிப்பட்ட தடித்த ஜெல் சீட்டுதான் சீக்கிரம் போகும். எடை தாங்காமல் ஜெல் ஓரங்களுக்கு ஒதுங்கிவிடும், எலும்பு நேராக ஷெல்லில் போய் இடிக்கும். நீண்ட தூரம் ஓட்டுபவர்களின் சீட் மெல்லியதாகவும் இறுக்கமாகவும் இருப்பது வீறாப்புக்காக இல்லை.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு நேரான அளவுகோலைச் சீட்டின் அகலமான பகுதியில் குறுக்கே வையுங்கள். இருபுறமும் உள்ள பள்ளத்தின் ஆழத்தைப் பாருங்கள். பிறகு அந்தப் பள்ளத்தில் கட்டைவிரலை ஊன்றி அழுத்துங்கள். அதே அழுத்தத்தை யாரும் உட்காராத பின் விளிம்பிலும் கொடுத்துப் பாருங்கள். பள்ளத்தில் மட்டும் ஷெல்லின் கடினம் விரலில் தட்டினால் ஃபோம் முடிந்தது. ஒரு பக்கம் மட்டும் அதிகம் அமுங்கியிருந்தால் குற்றம் சீட்டில் இல்லாமலும் இருக்கலாம்: சீட் மிக உயரமாக இருந்து இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறதா, இரண்டு கால்களின் நீளத்தில் வேறுபாடு உண்டா என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் புது சீட் போட்டால் அதுவும் அதே பக்கம் அமுங்கும்.

கவர் பிசுபிசுத்தாலோ செதில் செதிலாக உரிந்தாலோ காரணம் ஈரமும் வெப்பமும். செயற்கைத் தோலில் உள்ள பாலியூரித்தேன் ஓட்டாமல் வைத்திருந்தாலும் சிதையும். அதனால் பல ஆண்டு பெட்டியிலேயே கிடந்த 'புது' சீட்டைப் புதியது என்று நம்பி வாங்க வேண்டாம்.

உண்மையில் ஆபத்தானது அடிப்பக்கம். அதைத்தான் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. சீட்டைத் தாங்கும் கம்பத்தின் (சீட் போஸ்ட்) தலையில் ரெயிலைக் கவ்வும் பிடிதான் கிளாம்ப். அது பிடிக்கும் இடத்தின் விளிம்பில்தான் ரெயிலுக்கு வளைவு அழுத்தம் அதிகம். போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் அங்கே ஒரு சிறு வெட்டு விழும், விரிசல் அதிலிருந்தே தொடங்கும். ரெயிலில் குறித்திருக்கும் எல்லைக்கோட்டைத் தாண்டி சீட்டை முன்னோ பின்னோ தள்ளி மாட்டினாலும் அதே கதிதான். ஆண்டுக்கு ஒரு முறையாவது கிளாம்பைக் கழற்றி, மறைந்திருந்த பகுதியைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். வியர்வையின் உப்பு எஃகு ரெயிலைத் துருப்பிடிக்க வைக்கும் இடமும் அதுவே. வளைந்த ரெயிலைத் தட்டி நிமிர்த்தவே கூடாது. கார்பன் ரெயில் பலமாக அடிபட்டிருந்தால், விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். ரெயில் செருகும் குழிகளைச் சுற்றி ஷெல்லில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் பிளாஸ்டிக் விட்டுக்கொடுக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

கிரீச் சத்தம் வந்தாலே சீட் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். கிளாம்பைக் கழற்றித் துடைத்து, உலோக ரெயிலாக இருந்தால் லேசாகக் கிரீஸ் தடவி மாட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். கார்பனுக்குக் கிரீஸ் கூடாது. வழுக்காமல் பிடிக்கும் கார்பன் பேஸ்ட்தான்.

தோல் சீட்டின் கணக்கே வேறு. 1866-இல் இங்கிலாந்தில் தொடங்கிய புரூக்ஸ் நிறுவனம் செய்வது போன்ற சீட்டுகளில் ஃபோமும் இல்லை, ஷெல்லும் இல்லை. தடித்த தோலை முன்னும் பின்னும் ரிவெட் அடித்துத் தொட்டில்போல இழுத்துக் கட்டியிருப்பார்கள். முதல் சில நூறு கி.மீ. பலகையில் உட்கார்ந்தது போலிருக்கும். அதன்பின் உட்காருபவரின் எலும்புக்கு ஏற்ப அச்சு விழும். ஃபோமில் பள்ளம் என்றால் தேய்மானம், தோலில் பள்ளம் என்றால் பொருத்தம். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இருபது, முப்பது ஆண்டுகூட வரும்.

அதைக் கெடுப்பவை மூன்று: நனைந்த தோலில் ஓட்டுவது, அடுப்பருகே காய வைப்பது, எண்ணெயில் ஊற வைப்பது. நனைந்தால் நிழலில் தானாகக் காய விடுங்கள். மட்கார்டு இல்லாத சைக்கிளில் மழைநீர் அடியிலிருந்துதான் அடிக்கும், மேலே உறை போட்டும் பயனில்லை. தோல் மெழுகை ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை மெல்லியதாகப் பூசினால் போதும். சீட்டின் முன்நுனியான மூக்குக்கு அடியில் உள்ள நட்டை, தோல் கண்ணுக்குத் தெரியத் தொங்கினால் மட்டும், கால் சுற்றுத் திருப்புங்கள். அடிக்கடி இறுக்கினால் ரிவெட்டைச் சுற்றித் தோல் கிழியும். இறுக்க மரை மிச்சமில்லை என்றால் அந்தத் தோல் முடிந்தது.

எந்த சீட்டை மாற்றினாலும் பழையதைக் கழற்றும் முன் அளவெடுங்கள். பெடல் கிராங்க் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் அகலம் 80 மி.மீ. இருக்கும் இடம்வரை உயரம், அதே இடத்திலிருந்து ஹேண்டில்பார் வரை தூரம், ரசமட்டம் வைத்துச் சாய்வு. மூக்கு நுனியிலிருந்து அளந்தால் ஏமாறுவோம், சீட்டுக்குச் சீட் மூக்கின் நீளம் மாறும். பழையதில் ஃபோம் அமுங்கியிருந்தால் அந்த உயரமே தவறானது. புதியதில் சில மி.மீ. முன்பின் சரிசெய்ய வேண்டியிருக்கும். 7 மி.மீ. வட்ட ரெயிலுக்கான பக்கவாட்டுக் கிளாம்பில் 7 மி.மீ. அகலமும் 9 மி.மீ. உயரமும் உள்ள நீள்வட்டக் கார்பன் ரெயிலைத் திணிக்காதீர்கள். போல்ட்டை சீட் போஸ்ட்டில் பொறித்திருக்கும் நியூட்டன் மீட்டர் அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, முதல் 50 கி.மீ. ஓட்டியபின் இன்னொரு முறை சோதியுங்கள். அதற்குள் மூக்கு கீழே சரிந்திருந்தால் கிளாம்பின் பற்களில் அழுக்கோ தேய்மானமோ இருக்கிறது. போல்ட்டை மேலும் முறுக்கி அதைச் சரிசெய்ய முடியாது.