மாரி என்றால் மழை

போன வாரம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்த முப்பதாம் நாளில் முப்பது கும்பிட்டுப் பெயர் வைத்தார்கள். "என் ஆத்தா பேரு, மாரியம்மா, வைங்கய்யா" என்றார் கொள்ளுப்பாட்டி. "மாரின்னா அம்மை நோய் பாட்டி, பிள்ளைக்குப் போய் அதையா வைக்கிறது?" என்று சொல்லி, கைப்பேசியில் பார்த்து வர்ஷா என்று வைத்தார்கள். இந்த விளக்கத்தை எத்தனை வீடுகளில்தான் கேட்பது!

மாரி என்றால் மழை. உலகைக் காக்கப் பாரி மட்டுமா, மாரியும் உண்டு என்று கபிலர் பாடியது இந்த மாரியைத்தான். கைம்மாறு வேண்டாத கொடைக்கு வள்ளுவர் 211ஆம் குறளில் காட்டுவதும் இதுவே. யாழ்ப்பாணத்தார் மழைக்காலத்தை இன்றும் மாரி என்றே சொல்கிறார்கள்.

வடமொழியில் மாரி என்றால் கொள்ளைநோய், பெயர் அங்கிருந்து வந்தது என்று வாதிடுவோர் உண்டு. அப்படி ஒரு சொல் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் மாரியம்மன் கோயிலில் நடப்பதைப் பாருங்கள்: கூழ், வேப்பிலை, மஞ்சள்நீர். அத்தனையும் குளிர்ச்சி. அம்மை கண்டால் "ஆத்தா வந்திருக்கா" என்பார்கள், கொப்புளத்தை முத்து என்பார்கள். சூட்டைத் தணிக்க மழைக்காரியை அழைத்தார்கள் என்றே நான் கொள்கிறேன். பெரியம்மை ஒழிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் 1980இலேயே அறிவித்துவிட்டது. பெயரை மட்டும் ஏன் நோயாளி ஆக்குகிறோம்?

வேதனை என்னவென்றால், வர்ஷா என்றாலும் மழைதான், வடமொழியில். பாட்டி கேட்ட அதே பொருளை அயல்மொழியில் வாங்கி வந்திருக்கிறார்கள். பெயர்ப் பட்டியல் தொகுப்பவர்கள் வர்ஷாவுக்கு மழை என்றும் மாரிக்கு நோய் என்றும் எழுதுகிறார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

இத்தனைக்கும் ரப்பர் தோட்டத்தில் மழை பிழைப்பைக் கெடுப்பது. பட்டை நனைந்தால் பால் வெட்டிய கோட்டில் நிற்காமல் மரத்தோடு வழியும், மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) சேராது, அன்றைய வெட்டு போச்சு. அப்படியும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு லயம் மாரியாயி, முத்துமாரி, மாரிமுத்து. வானம் பார்த்த பூமியிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் மழையின் அருமையை மறக்கவில்லை.

இன்னொன்று. அடையாள அட்டையில் பெயர் ரோமன் எழுத்தில் இருப்பதால் நெடில் தெரியாது. கிளினிக்கில் "மரியம்மா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, பேரப்பிள்ளைகள் அதை மரியம் என்றே எண்ணிவிட்டார்கள். மரியம் ஏசுவின் தாய் பெயர். நல்ல பெயர், ஆனால் வேறு பெயர். பாட்டியின் பெயரைத் தமிழில் எழுதும்போதாவது மகரத்துக்குக் கால் போடுங்கள்.