தொண்ணூறில் முட்டி நிற்கும் பிள்ளைகள்

"ஏட்டி, எண்பத்தொன்பதுக்கு அடுத்து என்ன?"

"தொண்ணூறு டீச்சர்."

"எழுது பாப்போம்."

சிலேட்டில் 100 என்று எழுதி நீட்டினாள்.

முக்கூடல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் நடத்தும் சாயங்கால வகுப்புக்கு வருகிற பிள்ளை, ஐந்தாம் வகுப்பு. 'இவளுக்குக் கணக்கு ஏறாது' என்று ஏற்கெனவே முத்திரை குத்தியாயிற்று. ஆனால் அவள் எழுதியதில் நியாயம் இருக்கிறது. இருபது, முப்பது, எண்பது எல்லாம் 'பது' என்று முடிய, தொண்ணூறு மட்டும் நூறின் வாலோடு வருகிறது. காதில் விழுந்ததை எழுதினாள். ஆரம்ப வருஷங்களில் நானும் இதற்குச் சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போனவள்தான்.

அவள் அம்மை பீடி சுற்றுகிறவர். "இருபத்தஞ்சு பீடி ஒரு கட்டு. ஆயிரத்துக்கு எத்தனை கட்டு?" என்று கேட்டேன்.

"நாப்பது. நாலு கட்டு நூறுல்லா டீச்சர்."

அதையே 1000 ÷ 25 என்று எழுதிக் காட்டினால் முகம் இறுகிவிடும். கணக்கு அவளிடம் இருக்கிறது, குறிகள்தான் பழகவில்லை.

எனவே ஈர்க்குச்சியும் ரப்பர் பேண்டும் எடுத்தோம். பத்துக் குச்சி ஒரு கட்டு. ஒன்பது கட்டு, உதிரி இல்லை: 90. இரண்டு வாரம் தொண்ணூறை 'ஒன்பது பத்து' என்றே சொல்ல விட்டேன். பதிமூன்றுக்குள் பத்தும் மூன்றும் இருப்பதை அவளே கண்டுபிடித்தாள். லெவன், ட்வெல்வ் என்று தொடங்கும் பிள்ளைக்கு இந்த வசதி கிடையாது. தர்ட்டீனும் தர்ட்டியும் வேறு குழப்பும்.

வாசிப்பிலும் அப்படித்தான். 247 எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டிப் பாட்டாக ஒப்பிக்க வைக்கிறோம். விரல் வைத்து 'மு' எது என்றால் விழிக்கிறார்கள். நான் ட, ப, ம மூன்றோடு தொடங்குவேன். புள்ளியைச் சேர்த்தால் படம், மடம், பட்டம், மட்டம். முதல் நாளே நாலு சொல்! கொம்புக்கு மட்டும் பொறுமை வேண்டும். 'கெ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக வாசிக்கிற பிள்ளை அங்கே தடுமாறத்தான் செய்யும். அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள்.

போன வாரம் எண்ணூறுக்கு அடுத்த நூறை எழுதச் சொன்னேன். 900 என்று எழுதி, வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"டீச்சர், இதுவும் ஆயிரம்னு சொல்லி ஏமாத்துது, பாத்தியளா?"